வீட்டுக்குள் ஒரு குட்டிக் கடல்!

முதல் முறையாகக் கடல் மீன் தொட்டி வாங்குகிறவர்களுக்கு...

சென்னையில் கொளத்தூர் என்றால் அலங்கார மீனுக்குப் பெயர் பெற்ற இடம். கடைக்குக் கடை கண்ணாடித் தொட்டிகள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா, அம்மா, குழந்தைகள் என்று குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

தங்க மீனையும், சண்டை மீனையும் பார்த்துக்கொண்டே வரும் சிறுவன் ஓர் இடத்தில் அப்படியே நின்று விடுவான். அங்கே நீல விளக்கு எரியும். தொட்டிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன். உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை. அது நீந்துவதைப் பார்த்தால், கள் குடித்தவன் நடப்பது போல ஆடி ஆடிப் போகும்.

"அப்பா! நீமோ!"

2003-ம் ஆண்டில் வந்த கார்ட்டூன் படத்தின் மூலம் உலகம் முழுவதும் குழந்தைகளுக்குத் தெரிந்து விட்ட மீன் அது. நம் ஊரில் அதைக் கோமாளி மீன் என்கிறார்கள்.

அப்பா விலையைக் கேட்பார். கொடுக்கக் கூடிய விலைதான். ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, ஒரு பொட்டலம் உப்பு, இரண்டு மீன். பையன் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவான்.

ஒரு வாரம் வீடே திருவிழாவாக இருக்கும். பத்தாவது நாள் ஒரு மீன் தரையில் சாய்ந்து கிடக்கும். மறுநாள் இன்னொன்று. அன்று பையன் சாப்பிட மாட்டான்.

மீன் ஏன் செத்தது? நோயா? பெரும்பாலும் இல்லை. கடைக்காரர் கெட்ட மீனைக் கொடுத்து விட்டாரா? அதுவும் இல்லை. மீன் தன் கழிவிலேயே நஞ்சுண்டு செத்துப் போனது!

கடல் மீன் தொட்டி வைக்கிறவர்கள் முதலில் வளர்க்க வேண்டியது மீன் அல்ல. தண்ணீரைத்தான் முதலில் வளர்க்க வேண்டும். இது தெரியாததால்தான் இத்தனை மீன்கள் சாகின்றன.

வேலைக்காரச் சிறுமி காப்பாற்றிய பவளம்

கடலை வீட்டுக்குள் கொண்டு வரும் ஆசை புதிது அல்ல. 1846-ம் ஆண்டிலேயே ஒரு பெண்மணி அதைச் செய்து பார்த்தார்.

அவர் பெயர் அன்னா தைன். இங்கிலாந்துக்காரர். பாதிரியாரின் மனைவி. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் அருகே குடியிருந்தார். டார்க்கி என்ற கடற்கரை ஊருக்குப் போன இடத்தில் சிறிய கல் பவளங்களைக் கண்டார். அவற்றின் அழகில் மயங்கினார். ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டு வந்து விட்டார்.

லண்டனில் கடல் ஏது? கொண்டு வந்த கடல் தண்ணீர் கெட்டுப் போகத் தொடங்கியது. பவளம் மூச்சு விடப் பிராண வாயு வேண்டும்.

அன்னா ஒரு வழி கண்டுபிடித்தார். திறந்த ஜன்னல் அருகே நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். நம் ஊர் டீக்கடைக்காரர் டீ ஆற்றுவது போலத்தான்! ஊற்ற ஊற்றக் காற்று தண்ணீரில் கலக்கும். ஒவ்வொரு தடவையும் அரை மணி, முக்கால் மணி நேரம் ஊற்ற வேண்டும். இந்த வேலையைச் செய்தது அவர் வீட்டு வேலைக்காரச் சிறுமி. அவளுக்கு அது விளையாட்டாக இருந்ததாம். அப்படித்தான் அன்னா எழுதி வைத்திருக்கிறார். சிறுமியைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாளோ!

அடுத்த ஆண்டு அன்னா தொட்டியில் கடல் பாசியைச் சேர்த்தார். பாசி வெளிச்சத்தில் பிராண வாயுவை வெளியிட்டது. ஆற்றுகிற வேலை குறைந்தது. பவளம் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் உயிரோடு இருந்தது.

1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொது மக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1909-ல் நம் சென்னை மெரினாவிலும் ஒன்று வந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டு விட்டது.

1961-ல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். வீட்டுத் தொட்டியில் பவளத்தை வளர்த்துக் காட்டியவர் அவர். பெரிய இயந்திரம் எதுவும் அவரிடம் இல்லை. கடல் தண்ணீர், வெயில், கொஞ்சம் காற்றுக் குமிழி, கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல். இவ்வளவுதான். ரகசியம் அந்தக் கல்லில் இருந்தது!

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள்

மீன் சாப்பிடுகிறது, கழிவு விடுகிறது. சாப்பிடாமல் விட்ட இரையும் அழுகுகிறது. இவற்றிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது கொடிய விஷம். மீனின் செவுளை எரித்து விடும்.

கடல் பெரியது. அங்கே இந்த விஷம் கரைந்து காணாமல் போகும். கண்ணாடித் தொட்டியில் எங்கே போகும்?

அங்கேதான் நல்ல கிருமிகள் வேலைக்கு வருகின்றன. இவை கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை. ஒரு வகைக் கிருமி அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷம்தான். இன்னொரு வகைக் கிருமி நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்யாது. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் அதுவும் குறைந்து விடும்.

லீ சின் எங் வைத்த கல்லில் இந்தக் கிருமிகள் கோடிக்கணக்கில் இருந்தன. அதனால்தான் அவர் தொட்டி பிழைத்தது.

புதுத் தொட்டியில் இந்தக் கிருமிகள் கிடையாது. அவை வந்து, பெருகி, வேலையைக் கற்றுக்கொள்வதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாலுக்கு உறை ஊற்றினால் ஒரே இரவில் தயிர் ஆகிவிடுகிறது. தொட்டிக்கும் உறை ஊற்றலாம். நன்றாக நடக்கும் இன்னொரு தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலோ, ஒரு கல்லோ கொண்டு வந்து போட்டால் கிருமி சீக்கிரம் பெருகும். ஆனால் ஒரே இரவில் நடக்காது!

எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீரைச் சோதிக்கும் மருந்துப் பெட்டி கடையில் கிடைக்கிறது. சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நிறம் மாறும். அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையே செய்து விடலாம்.

மீன் இல்லாத தொட்டியில் ஒரு சிட்டிகை மீன் இரையைப் போட்டு வைக்க வேண்டும். அது அழுகி அம்மோனியா உண்டாகும். முதலில் அம்மோனியா ஏறும். பிறகு இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்கும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் வேலைக்காரர்கள் வந்து விட்டார்கள் என்று அர்த்தம். அன்றைக்குத்தான் மீன் வாங்கக் கடைக்குப் போக வேண்டும்.

இந்த ஆறு வாரமும் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் கண்ணாடி முழுவதும் பழுப்பு நிறப் பாசி படரும். பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். "தண்ணிக்கா இவ்வளவு செலவு?" என்று பாட்டி கேட்பாள். பயப்பட வேண்டாம். அந்தப் பழுப்புப் பாசி புதுத் தொட்டிகளில் வழக்கமாக வந்து, தானாகவே போய்விடும்.

பெரிய தொட்டிதான் சுலபம்!

புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "முதலில் சின்னதாக வாங்குவோம். பழகிய பிறகு பெரிதாக வாங்கலாம்."

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தவறு. கடல் தொட்டியில் சின்னதுதான் கஷ்டம்.

20 லிட்டர் தொட்டியில் குழந்தை ஆசையாக ஒரு பிடி இரையைக் கூடுதலாகப் போட்டு விடுகிறது. அல்லது ஒரு நத்தை கல்லுக்கு அடியில் செத்துக் கிடக்கிறது. தண்ணீர் அன்றைக்கே கெட்டு விடும். அதே தவறு 190 லிட்டர் தொட்டியில் நடந்தால், விஷம் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து விடும். கவனித்துச் சரி செய்ய ஒரு நாளாவது கிடைக்கும். உஷ்ணமும் அப்படித்தான். சின்னப் பாத்திரத்துத் தண்ணீர் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். கிணற்றுத் தண்ணீர் அப்படி மாறாது.

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இந்தத் தொட்டி சுமார் 190 லிட்டர் பிடிக்கும். முதல் தொட்டிக்கு நல்ல அளவு இதுதான். பணமும் இடமும் இல்லாதவர்கள் 2 அடி நீளத்தில் வாங்கலாம். அது சுமார் 125 லிட்டர். அதற்கும் கீழே போவதை விட, இன்னும் ஆறு மாதம் காசு சேர்த்துக் காத்திருப்பது மேல்.

எடையை மறந்து விடக் கூடாது. 190 லிட்டர் தண்ணீர் மட்டும் 190 கிலோ. கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 250 கிலோவைத் தாண்டும். நான்கு ஆட்கள் ஏறி நிற்பது போல! டெலிவிஷன் மேஜை தாங்காது. இதற்கென்று இரும்பிலோ, கனமான மரத்திலோ செய்த நிலை வேண்டும். சுவர் ஓரமாக வைக்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துச் சமம் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கண்ணாடியின் ஒட்டு என்றைக்காவது விட்டுக் கொடுத்து விடும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடமும் ஆகாது. பாசி மண்டிவிடும்.

சமையல் உப்பு உதவாது

கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. 190 லிட்டருக்கு ஆறரைக் கிலோவுக்கு மேல் ஆகிறது.

"கடையில் கல் உப்பு கிடைக்கிறதே, அதுவும் கடல் உப்புதானே?" என்று கேட்கலாம். அதுதான் இல்லை. தூத்துக்குடி உப்பளங்களில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பாத்தியில் கடல் தண்ணீரைத் தேக்குகிறார்கள். வெயிலில் தண்ணீர் வற்றுகிறது. உப்பு படிகிறது. மீதி உள்ள கசப்புத் தண்ணீரை வடித்து விடுகிறார்கள். அந்தக் கசப்புத் தண்ணீரோடு மெக்னீசியமும் பொட்டாசியமும் போய்விடுகின்றன. சமையலுக்கு அது நல்லது. கடல் உயிர்களுக்கோ அந்தத் தாதுக்களும் வேண்டும். ஆகவே தொட்டிக்கென்று தயாரித்த உப்பைத்தான் வாங்க வேண்டும்.

மெரினாவில் குடத்தில் மொண்டு வரலாமா? வேண்டாம். கூவமும் அடையாறும் கலக்கும் கரை அது.

உப்பைக் கரைக்கும் தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆழ்குழாய்த் தண்ணீரில் என்னென்னவோ இருக்கும். ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீர் நல்லது.

செம்புக் குடத்தில் மட்டும் இந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கவே கூடாது! பித்தளையும் ஆகாது. நமக்குச் செம்புத் தண்ணீர் நல்லது என்று தாத்தா சொல்வார். இறாலுக்கும், நத்தைக்கும், பவளத்துக்கும் செம்பு எமன். மிகச் சிறிதளவு கலந்தாலே செத்து விடும். பிளாஸ்டிக் வாளி போதும். அந்த வாளியை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. சோப்புத் துணி ஊற வைத்த வாளி என்றால் கேட்கவே வேண்டாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் இன்னொரு தவறு உண்டு. தொட்டியில் தண்ணீர் தினமும் கொஞ்சம் குறையும். உடனே உப்புத் தண்ணீரை ஊற்றி நிரப்புவார்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே நிற்கும். மேலும் மேலும் உப்புத் தண்ணீரை ஊற்றினால் தொட்டி உப்பளமாகி விடும்! குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால், அந்தக் கோடு வரை தினமும் காலையில் நிரப்பி விடலாம். வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்து விட்டு மாற்றும்போது மட்டும் உப்புத் தண்ணீர்.

சித்திரை வெயிலும் மின்சாரமும்

பவளக் கடல் உயிர்களுக்கு 24 முதல் 27 டிகிரி உஷ்ணம் ஏற்றது. சித்திரை, வைகாசியில் சென்னை வீட்டுத் தண்ணீர் 30-ஐத் தாண்டி விடும். அதோடு விளக்கும் மோட்டாரும் தரும் சூடு வேறு.

பணம் உள்ளவர்கள் தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம் வாங்குவார்கள். அது தொட்டியை விட விலை அதிகம். இல்லாதவர்களுக்கு மண்பானை வழி இருக்கிறது. பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது பானை குளிர்கிறது அல்லவா? தொட்டியின் மேல் ஒரு சிறிய மின் விசிறியை வீச விட்டால் அதே வேலை நடக்கும். இரண்டு, மூன்று டிகிரி குறையும். தண்ணீரும் சீக்கிரம் குறையும். கோடு வரை நிரப்ப மறக்கக் கூடாது.

மின்சாரம் நின்றால் தண்ணீர் அசையாது. அசையாவிட்டால் காற்று கலக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நேரத்தில் பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார்தான் உயிர் காக்கும். விலை அதிகம் இல்லை. அதுவும் இல்லாவிட்டால், வெஸ்ட்மின்ஸ்டர் வேலைக்காரச் சிறுமி செய்ததைச் செய்ய வேண்டியதுதான்! ஒரு சொம்பில் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். (செம்புச் சொம்பு அல்ல.)

கடைக்காரர் எத்தனையோ கருவிகளைக் காட்டுவார். தண்ணீரை அசைக்கும் மோட்டார், உஷ்ணமானி, உப்பு அளக்கும் கருவி, நுரை பிரிக்கும் கருவி ஆகியவை அவசியம். நுரைக் கருவி என்ன செய்கிறது? வெல்லம் காய்ச்சும் இடத்தில் பார்த்திருக்கலாம். கொப்பரையில் அழுக்கு நுரையாகப் பொங்கி மேலே வரும். அதை அகப்பையால் வழித்து எடுத்து விடுவார்கள். இந்தக் கருவியும் காற்றுக் குமிழியை விட்டு அழுக்கை நுரையாக்கி, ஒரு கிண்ணத்தில் சேர்த்து விடும். கிண்ணத்தைக் கழுவும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவற்றை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பவளம் வாங்கலாமா?

பலர் பவளத்தைச் செடி என்று நினைக்கிறார்கள். சிலர் கல் என்று நினைக்கிறார்கள். அது பிராணி! பவளப் பூச்சி என்பது சின்னப் பை போன்றது. மேலே ஒரு வாய். வாயைச் சுற்றி விரல்கள். கடல் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பை எடுத்துத் தனக்குக் கல் வீடு கட்டிக்கொள்கிறது. லட்சக்கணக்கான பூச்சிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய வீடுகள்தான் பவளப்பாறை.

பவளத்தின் சதைக்குள் மிக நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் உணவு தயாரித்து, பெரும் பங்கை வீட்டுக்காரப் பவளத்துக்கு வாடகையாகக் கொடுத்து விடுகிறது. தண்ணீர் அதிகமாகச் சுட்டால் பவளம் குடியிருப்பவனை வெளியேற்றி விடும். பிறகு வெளுத்துப் போகும். சூடு தணியாவிட்டால் பட்டினியால் சாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இப்படிப் பவளம் வெளுத்தது.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை தீவுகள் வரிசையாக இருக்கின்றன. 100-க்கும் அதிகமான வகைக் கல் பவளங்கள் அங்கே இருக்கின்றன. முன்பு தோணி தோணியாகப் பவளக்கல்லை வெட்டி வந்து சுண்ணாம்புக்குச் சுட்டார்கள். வீடு கட்டினார்கள். 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தீவுகள் சிலவற்றைக் கடல் தின்று விட்டது. பாறை போனால் அலையைத் தடுக்க ஆள் இல்லை. மீன் குஞ்சுக்கும் இடம் இல்லை.

ஆகவே சட்டம் கடுமையாக இருக்கிறது. 2001-ல் கல் பவளம் அனைத்தையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கும் பட்டியல் அது! கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவையும் அதில் உண்டு. நம் கடலிலிருந்து இவற்றை எடுப்பது குற்றம். விற்பது குற்றம். வைத்திருப்பதும் குற்றம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை. செத்த பவளத் துண்டுக்கும் இதே கதிதான். "ராமேஸ்வரத்துச் சரக்கு, ரகசியமாகத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அந்தக் கடையில் மீன் கூட வாங்காமல் திரும்பி விட வேண்டும்.

அமெரிக்கா, ஜெர்மனி போன்ற நாடுகளில் பவளத்தைத் துண்டு துண்டாக வெட்டி, பதியன் போடுவது போலத் தொட்டியிலேயே வளர்த்து விற்கிறார்கள். அங்குள்ள புத்தகங்களைப் படித்து விட்டு இங்கே அப்படியே செய்யக் கூடாது. கல் வீடு கட்டாத மென்பவளம் என்று ஒரு வகை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தது என்று சொல்லி விற்பார்கள். முறையான ரசீதும், இறக்குமதித் தாளும் காட்டினால் யோசிக்கலாம். காட்டாவிட்டால் வேண்டாம்.

அப்படியானால் முதல் தொட்டியில் என்னதான் வைப்பது? சிமெண்டினாலோ, பீங்கான் மண்ணினாலோ செய்த துளை உள்ள கல் விற்கிறது. அதை அடுக்கிக் குகை போலக் கட்டலாம். கிருமி குடியேறிய பிறகு அதுவே உயிருள்ள கல் ஆகிவிடும். சில மாதத்தில் ஊதா நிறம் படர்ந்து, கடல் பாறை மாதிரியே இருக்கும். மீனுக்கு இது பவளமா, பீங்கானா என்ற கவலை கிடையாது.

வீட்டில் குழந்தைகள் இருப்பதால் ஓர் எச்சரிக்கை. பழைய தொட்டியிலிருந்து வாங்கிய கல்லைச் சுத்தம் செய்வதாக நினைத்து அடுப்பில் கொதிக்க வைக்கக் கூடாது. பொத்தான் போன்ற சில மென்பவளங்களில் பயங்கரமான விஷம் உண்டு. ஆவியில் கலந்து வந்தால் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போக நேரும்.

கேட்க வேண்டிய கேள்வி

மீன் கடையில் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல. "இது கடலில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா?" என்று கேட்க வேண்டும்.

கடலில் பிடித்த மீன் பயந்து போயிருக்கும். இரை தின்னாமல் கிடக்கும். நோய் கொண்டு வரும். சில நாடுகளில் சயனைடு விஷத்தைத் தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் கொடுமையும் நடந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960-களில் இது தொடங்கியது. மீன் மயங்கும், பக்கத்துப் பவளம் சாகும்.

கோமாளி மீன் தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் நம் நாட்டிலேயே அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த குஞ்சு, கொடுத்த இரையைத் தின்னும். கடல் சாமந்தி இல்லாமலும் சுகமாக வாழும். ஆகவே படத்தில் பார்த்தது போலச் சாமந்தியும் வேண்டும் என்று குழந்தை அடம் பிடித்தால், கொஞ்ச காலம் பொறு என்று சொல்ல வேண்டும். பூவைப் போல இருக்கும் அந்தப் பிராணி, தொட்டி பழகி ஆறு மாதம், ஒரு வருஷம் ஆன பிறகுதான் பிழைக்கும்.

படத்தில் நீமோவுக்குத் தோழியாக வரும் நீல மீனும் முதல் தொட்டிக்கு ஆகாது. கடையில் விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் ஓர் அடி! மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. மயில் நிறத்தில் அழகாக இருக்கும் மாண்டரின் மீன், நுண்ணிய உயிருள்ள இரையைத்தான் பெரும்பாலும் தின்னும். புதுத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து சாகும். சிங்க மீனுக்கு முதுகில் விஷ முள். வாய்க்குள் அடங்கும் மீன் எதையும் விழுங்கி விடும்.

இரண்டு கோமாளி மீன், பாசி தின்னும் நத்தை நாலைந்து. முதல் இரண்டு மாதத்துக்கு இவ்வளவே போதும். பிறகு மாதத்துக்கு ஒன்றாக, இன்னும் இரண்டு மூன்று சின்ன மீன்கள் சேர்க்கலாம். இரை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. அதற்கு மேல் ஒரு துணுக்கும் கூடாது.

இதற்குள் அம்மா ஒரு கேள்வி கேட்டிருப்பாள். "ஏங்க, பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போனா, இதை யாரு பாத்துக்குவா?"

நல்ல கேள்வி. தொட்டி வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி. நன்றாகத் தின்று கொழுத்த மீன் மூன்று, நான்கு நாள் பட்டினி தாங்கும். தண்ணீர்க் கோடுதான் தாங்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து, "நல்ல தண்ணீரை மட்டும் கோடு வரை ஊற்று. இரை போடாதே" என்று சொல்லி விட்டுப் போகலாம். இரை டப்பாவைப் பூட்டி வைத்து விட்டுப் போவது இன்னும் நல்லது!

ஆணாக இருந்து பெண்ணாக...

கோமாளி மீன்கள் பிறக்கும்போது எல்லாம் ஆண்தான்! இரண்டு குஞ்சுகளை ஒன்றாக விட்டால், எது பெரிதாக வளர்ந்து அதிகாரம் செய்கிறதோ அது பெண்ணாக மாறி விடும். சின்னது ஆணாகவே இருந்து விடும். பெண் செத்துப் போனால் ஆண் பெண்ணாக மாறும். வீட்டில் யார் அதிகாரி என்பதில் அங்கே சண்டையே இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். தொட்டி வாங்கும்போது மூன்றாம் வகுப்பில் இருந்த பையன் கல்லூரிக்குப் போகும் வரையில்!

ஓராண்டு, இரண்டாண்டு கழித்து ஒரு நாள் இரண்டு மீனும் ஒரு கல்லை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். மாலையில் பார்த்தால் கல் முழுவதும் ஆரஞ்சு நிற முட்டை. நூற்றுக்கணக்கில் இருக்கும். தந்தை மீன் அந்த இடத்தை விட்டு நகராது. துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். கெட்ட முட்டையைப் பொறுக்கித் தின்று விடும். உள்ளே கை விட்டால், விரல் நீளம் கூட இல்லாத அந்த மீன் பாய்ந்து வந்து கடிக்கும்.

நாலைந்து நாளில் முட்டைகளில் வெள்ளிப் புள்ளிகளாகக் கண்கள் தெரியும். ஒரு வாரம், பத்து நாளில் விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் குஞ்சு பொரிக்கும். கண்ணாடி மேல் டார்ச் அடித்தால் வெளிச்சத்தை நோக்கி மயிரிழை போன்ற குஞ்சுகள் கூடி வரும். அவற்றைப் பிழைக்க வைக்க வேறு தொட்டி வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிரை வேண்டும். அது இல்லாத வீட்டில், காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால் கல் வெறுமையாக இருக்கும். தாய் மீனும் தந்தை மீனும் கண்ணாடி ஓரம் வந்து, ஆடி ஆடி, காலை இரைக்குக் காத்திருக்கும்.